தாத்தா ஏன் குட்டையானார்?

வயதானால் உயரம் குறையுமா? எவ்வளவு குறையலாம்? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பொங்கலுக்கு இன்னும் இரண்டு நாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் பேரனைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார் அப்பா. போன வருஷத்துக் கோட்டைவிட இந்த வருஷத்துக் கோடு மூன்று விரல் உயரம்.

பையனுக்கு ஒரே குஷி. "தாத்தா, நீங்களும் வந்து நில்லுங்க" என்று இழுக்கிறான்.

"எனக்கு எதுக்குடா அளவு? பட்டாளத்திலே சேர்ந்தப்பவே அளந்து எழுதிட்டாங்க. அஞ்சடி ஆறங்குலம்!" என்கிறார் தாத்தா. அவருக்கு வயது 74.

பையன் விடவில்லை. தாத்தாவும் நிற்கிறார். டேப் வைத்துப் பார்க்கிறார்கள். ஐந்தடி நான்கு அங்குலம்தான் இருக்கிறது!

"தாத்தா ரெண்டு அங்குலம் பொய் சொல்லிட்டார்!" வீடே சிரிக்கிறது. தாத்தாவும் சிரிக்கிறார். பிறகு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பல வீடுகளில் நடக்கிற வேடிக்கைதான் இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாத்தா பொய் சொல்லவில்லை. டேப்பும் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு அங்குலம் எங்கே போயிற்று?

அதைத் தெரிந்துகொள்வது வேடிக்கைக்காக அல்ல. சில சமயம் அது தாத்தாவின் உடம்பையே காப்பாற்றும்.

இரண்டு விஷயம்

வயதான ஆண்கள் பொதுவாக இளைஞர்களைவிடக் குட்டையாக இருக்கிறார்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, அவர்கள் பிறந்த காலம். அவர்களில் பலர் வாலிப வயதிலேயே இன்றைய வாலிபர்கள் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

இரண்டாவது, வயது. வளர்ந்த உயரத்திலும் கொஞ்சம் வயதோடு குறைகிறது.

முதல் காரணம் சரித்திரம். அதை மாற்ற முடியாது. இரண்டாவது காரணம் உடம்பு. அதைக் கவனித்தால் பலன் உண்டு.

நெதர்லாந்து சொல்லும் கதை

உலகத்திலேயே உயரமான ஆண்கள் யார்? நெதர்லாந்து நாட்டுக்காரர்கள். ஐரோப்பாவில், கடலோரத்தில், பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் பெற்ற சின்ன நாடு அது.

அந்த நாட்டு அரசாங்கப் புள்ளிவிவர நிலையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1930-ல் பிறந்த ஆண்கள் 19 வயதில் சராசரியாக 175.6 சென்டிமீட்டர் உயரம் இருந்தார்கள். அதாவது சுமார் ஐந்தடி ஒன்பது அங்குலம். 1980-ல் பிறந்தவர்கள் 183.9 சென்டிமீட்டர். ஆறடிக்கும் மேல்! ஐம்பது வருஷத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் கூடிவிட்டது.

ஆகவே அந்த நாட்டில் ஒரு தாத்தாவும் பேரனும் சேர்ந்து நின்றால், தாத்தா குட்டையாகத்தான் தெரிவார். அவர் உடம்பு ஓர் அங்குலம்கூடக் குறையாமல் இருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

வளர்ச்சி எப்போதும் ஏறிக்கொண்டே போவதும் இல்லை. அதே நாட்டில் 2001-ல் பிறந்த வாலிபர்கள் 182.9 சென்டிமீட்டர்தான். 1980-ல் பிறந்தவர்களைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு.

அரிசிச் சோறு சாப்பிடும் ஜப்பானைப் பாருங்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தை 1900-லிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் 17 வயதுப் பையன்களின் சராசரி உயரம் சுமார் 158 சென்டிமீட்டர். ஐந்தடி இரண்டு அங்குலம். இப்போது 170-க்கு மேல். ஐந்தடி ஏழு அங்குலம். நடுவில் இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பஞ்சம் வந்தது. பிள்ளைகளின் உயரம் இறங்கியது. சாப்பாடு சீரானதும் மறுபடி ஏறியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உயரம் பரம்பரையால் மட்டும் வருவதல்ல. தாயின் வயிற்றில் இருந்த நாள் முதல் வாலிபம் வரை கிடைத்த ஆகாரமும், வராமல் தப்பிய நோயும் சேர்ந்துதான் உயரம். தாய் தகப்பனிடமிருந்து வருவது விதை. அது எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிப்பது மண்ணும் தண்ணீரும்.

நம் நாட்டில் எப்படி?

உலகம் முழுவதும் நூறு வருஷ உயரக் கணக்கை விஞ்ஞானிகள் சேர்ந்து எடுத்து 2016-ல் வெளியிட்டார்கள். அதன்படி, 1996-ல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். ஐந்தடி ஐந்து அங்குலம்.

நூறு வருஷத்தில் நம் ஆண்கள் கூடியது சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். ஈரான் நாட்டு ஆண்கள் அதே நூறு வருஷத்தில் 16 சென்டிமீட்டருக்கு மேல் கூடினார்கள்! நாம் எவ்வளவு மெதுவாக ஏறினோம் என்பது இதிலிருந்து புரியும்.

இன்று 80 வயதை எட்டியவர்கள் 1940-களில் பிறந்தவர்கள். யுத்த காலத்துப் பஞ்சமும் ரேஷன் அரிசியும் மலேரியாக் காய்ச்சலும் அவர்கள் கண்டவை. காமராஜர் ஆட்சியில் பள்ளியில் மதிய உணவு வந்தது 1956-ல்தான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது 1982-ல். வளரும் வயதில் ஒருவேளைச் சோற்றோடு பள்ளிக்கு நடந்த பிள்ளைகளில் பலர்தான் இன்று தாத்தாக்கள். அவர்கள் குட்டையாக இருந்தால் அது அவர்கள் குற்றமல்ல.

சராசரி என்றால் எல்லோரும் அல்ல

இங்கே ஒரு சின்ன விளக்கம். சராசரி 165 என்றால் எல்லோரும் 165 இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

நூறு வாலிபர்களை வரிசையாக நிறுத்துங்கள். ஏறக்குறைய 68 பேர் 158-க்கும் 172-க்கும் நடுவில் இருப்பார்கள். அதாவது ஐந்தடி இரண்டு அங்குலத்திலிருந்து ஐந்தடி ஏழரை அங்குலம் வரை. சுமார் 16 பேர் அதற்குக் கீழே. சுமார் 16 பேர் அதற்கு மேலே. எல்லோரும் ஆரோக்கியமானவர்களாகவே இருக்கலாம்.

ஆகவே ஐந்தடி இருக்கும் தாத்தாவைப் பார்த்து "இவருக்கு என்னமோ நோய்" என்று சொல்லக் கூடாது. ஆறடி இருக்கும் தாத்தாவைப் பார்த்து "இவருக்கு ஒன்றுமில்லை" என்றும் சொல்லக் கூடாது. இப்போது எவ்வளவு உயரம் என்பது அல்ல கேள்வி. முன்பு எவ்வளவு இருந்தார், அதிலிருந்து எவ்வளவு குறைந்தார் என்பதே கேள்வி.

அடுக்குப் பானையும் பிரிமணையும்

உயரம் எப்படிக் குறைகிறது? காலோ கையோ குட்டையாவதில்லை. குறைவது முதுகுதான்.

கிராமத்து வீடுகளில் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். பானை உருளாமல் இருக்க, வைக்கோலால் திரித்த பிரிமணையை அடியில் வைப்பார்கள். நம் முதுகெலும்பும் அப்படித்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 எலும்புகள் அடுக்கியிருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று உராயாமல் இருக்க, இடையிடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. மொத்தம் 23 தட்டுகள். முதுகெலும்பின் நீளத்தில் கால் பங்குக்குக் கிட்டத்தட்ட இந்தத் தட்டுகள்தான்!

தட்டின் நடுவில் கூழ் போன்ற பொருள் இருக்கிறது. சிறு வயதில் அதில் பெரும்பகுதி தண்ணீர். வயதாக ஆகத் தண்ணீர் வற்றுகிறது. புதுப் பிரிமணை உப்பி நிற்கும். பழைய பிரிமணை அமுங்கிப் போகும். ஒவ்வொரு தட்டும் ஒரு மயிரிழை அமுங்கினாலும், இருபத்துமூன்றும் சேர்ந்தால் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறது.

இதோடு முதுகுச் சதைகள் தளர்கின்றன. உடம்பு முன்னால் சாய்கிறது. பாதத்தின் வளைவும் கொஞ்சம் தட்டையாகிறது. இவையெல்லாம் இயற்கை.

காலையில் உயரம், மாலையில் குட்டை

இந்தத் தட்டுகளின் வேடிக்கையை இன்றே நீங்கள் பார்க்கலாம். காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் உங்கள் உயரத்தை அளந்து கோடு போடுங்கள். மாலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூடக் குறைந்திருக்கும்! பகலெல்லாம் உடம்பின் பாரம் தட்டுகளை அமுக்குகிறது. இரவில் படுத்ததும் அவை தண்ணீரை உறிஞ்சி மறுபடி உப்புகின்றன.

ஆகாயத்தில் பறக்கும் விண்வெளி வீரர்களுக்கு இதற்கு நேர் எதிர். அங்கே பாரம் இல்லை. தட்டுகள் நன்றாக உப்பிவிடுகின்றன. நூற்றுக்கு மூன்று பங்கு வரை உயரம் கூடுகிறது. ஐந்தரை அடி ஆள் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுகிறார். பூமிக்குத் திரும்பியதும் பழைய உயரத்துக்கே வந்துவிடுகிறார்.

தாத்தாவுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. போன உயரம் தூங்கி எழுந்தாலும் திரும்புவதில்லை.

எவ்வளவு குறைவது சகஜம்?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரு நீண்ட ஆராய்ச்சி நடந்து வருகிறது. ஒரே ஆட்களைப் பல வருஷங்களாகத் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கிறார்கள். 1999-ல் வெளியான கணக்கு இது:

30 வயதிலிருந்து 70 வயதுக்குள் ஆண்கள் சராசரியாக 3 சென்டிமீட்டர் குறைகிறார்கள். ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

80 வயதில் மொத்தக் குறைவு 5 சென்டிமீட்டர். இரண்டு அங்குலம்.

பெண்களுக்கு இன்னும் அதிகம். 70 வயதில் 5 சென்டிமீட்டர். 80 வயதில் 8 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கை நம் தாத்தாக்களுக்குப் போட்டுப் பார்ப்போம். வாலிப வயதில் 163 சென்டிமீட்டர் இருந்தவர், 70 வயதில் சுமார் 160 இருப்பார். 80 வயதில் சுமார் 158. அதாவது ஐந்தடி நான்கு அங்குலமாக இருந்தவர் ஐந்தடி இரண்டு ஆகிறார். 80 வயதுத் தாத்தாக்களில் மூன்றில் இரண்டு பேர் ஐந்தடிக்கும் ஐந்தடி ஐந்து அங்குலத்துக்கும் நடுவில் இருப்பார்கள் என்று தோராயமாகச் சொல்லலாம்.

குறைவு ஒரே சீராகவும் வருவதில்லை. நாற்பதில் ஆரம்பித்து மெல்ல மெல்ல நடக்கிறது. எழுபதுக்குப் பிறகு வேகமாகிறது.

எது ஆபத்து?

தட்டு அமுங்குவது இயற்கை என்றோம். ஆனால் சில சமயம் அமுங்குவது தட்டு அல்ல, எலும்பே! பிரிமணை அமுங்கினால் பாதகமில்லை. பானையே உடைந்தால்?

எலும்பு மெலிவு நோய் என்று ஒன்று உண்டு. எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, உள்ளே கறையான் அரித்த கட்டை மாதிரி ஆகிவிடும். அப்போது கீழே விழ வேண்டியதுகூட இல்லை. குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினால் போதும். பலமாக இருமினால் போதும். முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிடும்.

இதில் மோசம் என்ன தெரியுமா? இப்படி நசுங்கும் எலும்புகளில் மூன்றில் இரண்டு பங்கு டாக்டரின் கவனத்துக்கே வருவதில்லை. சிலருக்கு வலியே இருக்காது. சிலருக்கு இருக்கும். "வாய்வுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். பத்து நாளில் வலி குறைந்துவிடும். எலும்பு நசுங்கியபடியே இருக்கும். ஒன்று நசுங்கியவருக்கு அடுத்தது நசுங்கும் ஆபத்து பல மடங்கு அதிகம். முதுகு கூன் விழுகிறது. விலா எலும்பு வயிற்றை நோக்கி இறங்குகிறது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். மூச்சும் வாங்கும்.

வலி சொல்லாத சேதியை உயரம் சொல்லிவிடுகிறது. அதனால்தான் டாக்டர்கள் இரண்டு எல்லைக் கோடுகளை வைத்திருக்கிறார்கள்.

வாலிப வயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

போன தடவை டாக்டர் அளந்ததற்கும் இந்தத் தடவை அளந்ததற்கும் நடுவில் 2 சென்டிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம் குறைந்திருந்தாலும் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 24 ஊர்களைச் சேர்ந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை 1978 முதல் 1980 வரை அளந்தார்கள். இருபது வருஷம் கழித்து மறுபடி அளந்தார்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தவர்களிடையே, ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாதவர்களைவிட, அதன்பின் மரணம் 64 சதவிகிதம் அதிகமாக இருந்தது. 2006-ல் வெளியான முடிவு இது. உயரம் குறைவதால் மனிதன் சாவதில்லை. உடம்பு உள்ளுக்குள் தளர்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அவ்வளவுதான்.

ஆண்கள் ஏமாறுவது ஏன்?

எலும்பு மெலிவு பெண்களின் நோய் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு அது அதிகம் வருவது உண்மைதான். ஆனால் 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு எலும்பு மெலிவால் முறிவு ஏற்படுகிறது என்று உலக அளவில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பாட்டியைப் பரிசோதிக்கும்போது தாத்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "எனக்கென்ன, நான் திடமா இருக்கேன்" என்கிறார். அங்கேதான் ஏமாற்றம்.

பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர்கள், ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்கள், வெயிலே படாமல் வீட்டுக்குள் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதுகெலும்பைத் தாக்கும் காச நோயாலும் எலும்பு நசுங்கலாம். முதுகுவலியோடு காய்ச்சலும் உடம்பு இளைப்பும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வீட்டிலேயே அளக்கலாம்

அளப்பது சுலபம். ஆனால் முறையாக அளக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சமதரையில் நிற்க வேண்டும். குதிகால், பின்பாகம், முதுகு மூன்றும் முடிந்தவரை சுவரில் பட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். மோவாயைத் தூக்கக் கூடாது. தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன் அடியில் கோடு போடுங்கள். பிறகு டேப்பால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

எப்போதும் ஒரே வேளையில் அளப்பது முக்கியம். போன வருஷம் காலையிலும் இந்த வருஷம் மாலையிலும் அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

பழைய உயரம் தெரியவில்லையா? பழைய பாஸ்போர்ட், பட்டாளத்துப் பதிவு, உத்தியோகத்தில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவச் சான்று இவற்றில் தேடிப் பாருங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. இரண்டு கைகளையும் சிலுவைபோல் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளங்கள். வாலிப வயதில் இந்த அளவு உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். வயதானாலும் கை எலும்பு குறையாது. சிலருக்குப் பிறவியிலேயே கை நீளம் உண்டு. ஆகவே இது உத்தேசம்தான். எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு, முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்து டாக்டர்கள் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

போன உயரத்தை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. "உயரம் வளர்க்கும் லேகியம்" என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஆனால் மேலும் குறையாமல் தடுக்கலாம். எலும்பின் பலத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. எலும்பு மேலும் முறியாமல் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பெரியவர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. பால், மோர், முருங்கைக் கீரை, எள், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாம் எலும்புக்கு உறவினர்கள். பருப்பு, முட்டை, மீன் சதைக்குப் பலம். வெயில் பட்டால் உடம்பு தானே 'டி' வைட்டமினைச் செய்துகொள்கிறது. தினமும் நடக்க வேண்டும். எலும்பு உழைத்தால்தான் உரமாகும். குனிந்து பாரம் தூக்குவதைத் தாத்தா விட்டுவிடட்டும். வழுக்கும் குளியலறையில் ஒரு கைப்பிடி வைத்துக் கொடுங்கள்.

அந்த இரண்டு அங்குலம்

இனி, முதலில் பார்த்த தாத்தாவிடம் வருவோம். ஐந்தடி ஆறங்குலமாக இருந்தவர் ஐந்தடி நான்கு ஆகியிருக்கிறார். ஐந்து சென்டிமீட்டர் போய்விட்டது. 74 வயதில் இது சராசரியைவிடக் கொஞ்சம் அதிகம். டாக்டர்கள் சொல்லும் 4 சென்டிமீட்டர் கோட்டை அவர் தாண்டிவிட்டார்.

பயப்பட வேண்டியதில்லை. வெறும் தட்டு அமுக்கமாகவே இருக்கலாம். ஆனால் சிரித்துவிட்டு மறக்கவும் கூடாது. பொங்கல் முடிந்ததும் ஒரு நாள் மகன் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், முதுகை ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். டாக்டரிடம், "அப்பாவுக்கு முதுகு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. "அப்பா இரண்டு அங்குலம் குறைஞ்சிருக்கார்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

இன்னொன்று. வெள்ளையடிக்கும்போது சுவரில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பேரன் கோட்டுக்குப் பக்கத்தில் தாத்தாவின் கோடும் இருக்கட்டும். வருஷா வருஷம் இரண்டையும் பாருங்கள்.

பேரன் கோடு ஏற வேண்டும். தாத்தா கோடு இறங்காமல் இருக்க வேண்டும்.